பழைய ஸ்டார்ட்டர் பழுதானால்: வீட்டில் செய்யக் கூடியதும் கூடாததும்

கிணற்றுப் பாசனத்தை நம்பியுள்ள சிறு விவசாயிகள் மோட்டாருக்கும் பம்புக்கும் கொடுக்கும் கவனத்தை ஸ்டார்ட்டருக்குக் கொடுப்பதில்லை. பச்சைப் பொத்தானை அழுத்தினால் மோட்டார் ஓடுகிறது. சிவப்புப் பொத்தானை அழுத்தினால் நிற்கிறது. அத்துடன் அதன் வேலை முடிந்தது என்று எண்ணி விடுகிறார்கள். கொட்டகைச் சுவரில் இருபது, முப்பது ஆண்டுகளாகத் தொங்கும் அந்த இரும்புப் பெட்டியில் பொத்தான் உடைந்தால் குச்சியால் குத்தியும், ஸ்பிரிங் தளர்ந்தால் கயிற்றால் கட்டியும் ஓட்டி வருகிறார்கள். மோட்டார் கருகுவதற்கும், மின்சாரம் தாக்கி உயிர் போவதற்கும் இந்தச் சில்லறைப் பழுதுகளும், அவற்றுக்குச் செய்யும் அவசர வைத்தியமும் பல இடங்களில் காரணமாகின்றன.

அதற்காகப் பழைய ஸ்டார்ட்டர்களை எல்லாம் தூக்கி எறிய வேண்டும் என்பதில்லை. கனமான இரும்பிலும் செம்பிலும் செய்யப்பட்ட பழைய ஸ்டார்ட்டர்கள் பல இன்னும் நன்றாகவே உழைக்கின்றன. எந்த உறுப்பைச் சரி செய்யலாம், எதைச் சரி செய்யக் கூடாது என்ற வேறுபாடு தெரிந்திருந்தால் போதும். சுருக்கமாகச் சொன்னால் விதி இதுதான்: கை படுகிற வெளி உறுப்புகளை வீட்டிலேயே செப்பனிடலாம். மின்சாரம் பாய்கிற உறுப்பையும், மின்சாரத்தைத் தடுத்து நிறுத்துகிற உறுப்பையும் சுத்தம் செய்யலாம். உடைந்தால் ஒட்டக் கூடாது. அதே வகையில் புதியது வாங்கி மாற்ற வேண்டும்.

பழைய ஸ்டார்ட்டர்கள் வந்த வழி

1930-களில் பைகாரா நீர்மின் நிலையத்திலிருந்து மின்சாரம் வரத் தொடங்கிய பின் கோவை வட்டாரத்தில் பஞ்சாலைகள் பெருகின. அவற்றை ஒட்டி மோட்டார், பம்பு செய்யும் பட்டறைகளும் வளர்ந்தன. இன்றும் கோவை பம்பு செட்டுகளுக்குப் பெயர் பெற்ற ஊர். இத்தனை ஆண்டுகளில் கிணற்றுக்குக் கிணறு வந்து சேர்ந்த ஸ்டார்ட்டர்களோடு, மூடப்பட்ட ஆலைகளிலிருந்து பழைய சாமான்களாக வெளிவந்தவையும் விவசாயிகள் கைக்கு வந்துள்ளன. இவற்றில் பலவற்றுக்கு இப்போது உதிரிப் பாகம் எளிதில் கிடைப்பதில்லை. எனவேதான் விவசாயிகள் தாங்களே ஏதாவது செய்து சமாளிக்க முற்படுகிறார்கள்.

தமிழ்நாட்டில் 1990 முதல் விவசாயத்துக்கு மின்சாரம் இலவசம். மின் கட்டணக் கவலை இல்லை. ஆனால் மோட்டார் கருகினால் காயில் கட்டும் கூலி இலவசம் அல்ல. 5 குதிரைத்திறன் மோட்டாருக்கு ஒரு தடவை காயில் கட்டுகிற பணத்தில் பல நேரங்களில் ஒரு புதிய ஸ்டார்ட்டரே வாங்கி விடலாம். பணம் போவதோடு நாளும் போகிறது. ஒன்றரை ஏக்கர் நிலக்கடலையில் விழுது இறங்குகிற சமயம் மோட்டார் பட்டறைக்குப் போய் ஒரு வாரம், பத்து நாள் கிடந்தால், அந்தப் போகத்தின் மகசூலில் ஏற்படும் நஷ்டத்தை எந்தக் கூலிக் கணக்கிலும் சேர்க்க முடியாது.

ஸ்டார்ட்டர் செய்யும் மூன்று வேலைகள்

முதல் வேலை, மோட்டாரை ஓட விடுவதும் நிறுத்துவதும். நேரடி ஸ்டார்ட்டர் வழியாக ஓடத் தொடங்கும் மோட்டார் முதல் சில வினாடிகளில் வழக்கமான அளவைப் போல் சுமார் 6 மடங்கு கரண்ட் இழுக்கும். பெரிய மோட்டார்களுக்கு இதைக் குறைக்கத்தான் ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர். அது முதலில் ஸ்டார் இணைப்பில் ஓட விடுவதால் தொடக்கக் கரண்ட் மூன்றில் ஒரு பங்காகக் குறைகிறது.

இரண்டாவது வேலை, மின்சாரம் நின்று மறுபடி வரும் போது மோட்டார் தானாக ஓடாமல் தடுப்பது. இதைச் செய்வது நோ-வோல்ட் காயில். மின்சாரம் இருக்கும் வரை காயில் காந்தமாகி இரும்பை இழுத்துப் பிடித்திருக்கும். மின்சாரம் நின்றதும் விட்டு விடும். ஸ்பிரிங் காண்டாக்டுகளைப் பிரித்து விடும்.

மூன்றாவது வேலை, மோட்டார் அளவுக்கு மீறிய கரண்ட் இழுத்தால் நிறுத்துவது. இதைச் செய்வது ஓவர்லோடு ரிலே. பியூஸ் இருக்கும் போது ரிலே எதற்கு என்று பலர் கேட்பதுண்டு. 5 குதிரைத்திறன் மும்முனை மோட்டார் முழுச் சுமையில் சுமார் 7.5 ஆம்பியர் எடுக்கும். ஓடிக் கொண்டிருக்கும் போது மூன்று முனைகளில் ஒன்று போய் விட்டால் மோட்டார் உடனே நிற்பதில்லை. மீதி இரண்டு முனைகளில் சுமார் 1.7 மடங்கு, அதாவது 13 ஆம்பியர் அளவில் இழுத்துக் கொண்டு முனகி ஓடும். 15 ஆம்பியர் பியூஸ் இதற்குப் போகாது. ஆனால் மோட்டார் சில நிமிடங்களில் கருகி விடும். பியூஸ் ஷார்ட் சர்க்யூட்டுக்குக் காவல். மோட்டாருக்குக் காவல் ரிலேதான்.

நோ-வோல்ட் காயிலும் இங்கே முழுப் பாதுகாப்பு அல்ல. அது ஏதாவது இரண்டு முனைகளுக்கு இடையில்தான் இணைக்கப்பட்டிருக்கும். அந்த இரண்டும் இருந்து மூன்றாவது முனை போனால் காயிலுக்குத் தெரியாது. அடிக்கடி ஒரு முனை போகிற ஊர்களில், முனை போனதும் மோட்டாரை நிறுத்துகிற தடுப்புக் கருவியைத் தனியே பொருத்திக் கொள்வது நல்லது.

கழற்றி எடுத்த பிறகே வேலை

மின்கம்பி இணைந்திருக்கும் ஸ்டார்ட்டரைத் திறந்து வைத்துக் கொண்டு பழுது பார்ப்பது உயிருக்கு ஆபத்து. அதில் முனைக்கு முனை 400 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். ஸ்டார்ட்டரைச் சுவரிலிருந்து கழற்றி, வீட்டுத் திண்ணைக்குக் கொண்டு வந்து, நல்ல வெளிச்சத்தில் காய்ந்த பலகை மீது வைத்துத்தான் எந்த வேலையும் செய்ய வேண்டும். கழற்றுவதையும் திரும்பப் பொருத்துவதையும் உரிமம் பெற்ற வயர்மேனைக் கொண்டு செய்வதே சரியான முறை. அவர் வருவதற்கு முன் விவசாயி அறிந்திருக்க வேண்டியவை சில உள்ளன.

மெயின் ஸ்விட்சை நிறுத்தினால் மட்டும் போதாது. பழைய ஸ்விட்சுகளில் கைப்பிடி கீழே இறங்கினாலும் உள்ளே ஒரு கத்தி ஒட்டிக் கொண்டே இருப்பதுண்டு. மூன்று பியூஸ் கட்டைகளையும் உருவி, வேலை முடியும் வரை தம்மிடமே வைத்துக் கொள்ள வேண்டும். மெயின் ஸ்விட்சில் யாரும் கை வைக்காதபடி வீட்டாருக்கும் பங்காளிகளுக்கும் சொல்லி வைக்க வேண்டும். கூட்டுக் கிணறாக இருந்தால் இது மிக அவசியம். முறைக்காரர் வந்து, பியூஸ் போயிருக்கிறது என்று எண்ணிப் புதிதாகப் போட்டு விடக் கூடும்.

மின்சாரம் இல்லை என்பதை மூன்று முனைகளிலும் சோதித்த பிறகே தொட வேண்டும். சட்டைப்பையில் வைக்கும் டெஸ்டரை மட்டும் நம்பக் கூடாது. முனைக்கு முனை சோதிக்க, ஒரே வாட் அளவுள்ள இரண்டு குண்டு பல்புகளைத் தொடராக இணைத்த சோதனை விளக்கை வயர்மேன்கள் பயன்படுத்துவார்கள். மின்சாரம் உள்ள இடத்தில் அது எரிகிறதா என்று முதலில் பார்த்துக் கொள்வதும் முறையாகும்.

மோட்டாருக்குக் கெப்பாசிட்டர் இணைத்திருந்தால் மின்சாரத்தை நிறுத்திய பிறகும் அதில் மின்சாரம் தங்கியிருக்கும். அதன் முனைகளைத் தொடக் கூடாது. தங்கிய மின்சாரத்தை வெளியேற்றும் பொறுப்பை வயர்மேனிடம் விட வேண்டும்.

வயர்களைக் கழற்றும் முன் ஒவ்வொன்றிலும் அடையாளச் சீட்டுக் கட்ட வேண்டும். கைபேசியில் இரண்டு மூன்று படம் எடுத்துக் கொள்வதும் நல்லது. நேரடி ஸ்டார்ட்டரில் உள்ளே வருவது 3, மோட்டாருக்குப் போவது 3. ஸ்டார்-டெல்டாவில் மோட்டாருக்கு 6 வயர்கள் போகும். உள்ளே வரும் முனைகள் இரண்டு இடம் மாறினால் மோட்டார் எதிர்ப்புறம் சுற்றும். தண்ணீர் குறையும் அல்லது வராது. மோட்டாருக்குப் போகும் 6 வயர்கள் இடம் மாறினால் மோட்டாரே கருகும்.

பெட்டியைத் திறக்கும் போது இன்னொரு எச்சரிக்கை. கொட்டகைப் பெட்டிகளில் தேள், பூரான், குளவி குடியிருக்கும். சில நேரம் பாம்பும் இருக்கும். கையை உள்ளே விடுவதற்கு முன் டார்ச் விளக்கில் பார்க்க வேண்டும்.

வீட்டில் செப்பனிடக் கூடியவை

பெட்டி, மூடி, கீல், தாழ்ப்பாள், பொத்தானின் வெளிக் குமிழ், கைப்பிடியின் உறை ஆகியவை வெளி உறுப்புகள். துருவைச் சுரண்டிப் பெயிண்ட் அடிக்கலாம். கீல் உடைந்தால் புதுக்கீல் வைக்கலாம். மூடியில் விரிசல் இருந்தால் இரண்டு குழாய்களில் வரும் எபாக்ஸி பசையால் ஒட்டலாம். ஒட்டும் முன் உடைந்த இரு பக்கத்தையும் எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் துடைத்து, உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, ஒட்டிய பின் ஒரு நாள் முழுவதும் கட்டி வைக்க வேண்டும்.

பொத்தான் குமிழ் உடைந்தால் அதன் இடத்தில் ஆணி, ஸ்குரூ, கம்பி வைக்கவே கூடாது. இரும்பு வழியாக மின்சாரம் விரலுக்கு வரும். அந்த வகைக் குமிழ் கிடைத்தால் மாற்றலாம். கிடைக்காவிட்டால், அதே துளையில் பொருந்தும் வேறு வகைப் பொத்தானை வயர்மேனைக் கொண்டு பொருத்தலாம். மூடியைத் திறந்து வைத்துக் குச்சியால் குத்தி ஓட்டும் வழக்கத்தை அடியோடு விட வேண்டும். மழைக் காலத்தில் ஈரக் குச்சியும் மின்சாரத்தைக் கடத்தும்.

பெட்டியில் வயர் நுழையும் துளைகள் பெரிதாகத் திறந்திருந்தால் பல்லியும் எறும்பும் நுழையும். காண்டாக்டுகளுக்கு இடையில் எறும்பு நசுங்கிச் சேர்ந்தால் காண்டாக்ட் சரியாக மூடாது. இரண்டு முனைகளுக்கு இடையில் பல்லி விழுந்தால் ஷார்ட் ஆகும். வயரின் கனத்துக்கு ஏற்ற ரப்பர் வளையம் அல்லது கிளாண்டு போட்டு அடைக்க வேண்டும். எறும்பை விரட்ட மண்ணெண்ணெய் தெளிக்கக் கூடாது. ஒரு பொறியில் தீப்பற்றும்.

கறுத்துப் போன பேக்லைட்

ஸ்டார்ட்டருக்குள் கறுப்பாகவோ பழுப்பாகவோ இருக்கும் கெட்டியான பாகங்கள் பேக்லைட்டால் ஆனவை. காண்டாக்டுகளைத் தாங்குவதும், ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு மின்சாரம் தாண்டாமல் தடுப்பதும் இவைதான். பேக்லைட் ஒரு தடவை வார்த்தால் வார்த்ததுதான். சூடாக்கினால் உருகாது, மறுபடி சேராது. விரிசல் விட்ட பேக்லைட்டை எபாக்ஸியால் ஒட்டினால் பார்வைக்கு நன்றாக இருக்கும். ஆனால் காண்டாக்ட் சூட்டில் பசை இளகும். ஒவ்வொரு முறையும் விழுகிற அடியில் மறுபடி உடையும். அப்போது மூன்று காண்டாக்டில் ஒன்று மூடாமல் நின்று, மோட்டார் இரு முனையில் ஓடிக் கருகும்.

இதை விடக் கெட்டது கரித்தடம். தீப்பொறி பட்ட பேக்லைட்டின் மேல் மெல்லிய கறுப்புக் கோடுகள் கிளை விட்டது போல் தெரியும். அது அழுக்கு அல்ல; பேக்லைட்டே கரியாகி இருக்கிறது. கரி மின்சாரத்தைக் கடத்தும். துடைத்தாலும் சுரண்டினாலும் போகாது. அந்தப் பாகத்தை மாற்றியே ஆக வேண்டும்.

சிலர் உடைந்த பேக்லைட் பாகத்துக்குப் பதிலாகத் தேக்கு மரத்தில் செதுக்கி வைக்கிறார்கள். கோடையில் எந்தத் தொந்தரவும் தெரியாது. ஐப்பசி மழையில் மரம் ஈரத்தை இழுத்துக் கொள்ளும். மின்சாரம் பெட்டிக்குக் கசியும். எர்த்தும் சரியில்லை என்றால், ஈரக் காலோடு பெட்டியைத் தொடுகிறவர் கதி என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

காண்டாக்டுகள்: கறுப்பெல்லாம் கெடுதல் அல்ல

காண்டாக்ட் கறுத்திருப்பதைக் கண்டதும் அரத்தால் தேய்த்துப் பளபளப்பாக்குவது பலருடைய வழக்கம். இதில் இரண்டு வகையைப் பிரித்து அறிய வேண்டும்.

பொத்தான் வகை ஸ்டார்ட்டர்களில் காண்டாக்டின் முகத்தில் வெள்ளிக் கலவையில் ஒரு சிறு வில்லை இருக்கும். வெள்ளி கறுத்தாலும் மின்சாரத்தைக் கடத்தும். அதைத் தேய்த்தால் விலை உயர்ந்த வில்லைதான் தேய்ந்து போகும். பழைய வில்லைகளில் காட்மியம் என்ற நச்சு உலோகமும் கலந்திருப்பதால் அந்தத் தூளைச் சுவாசிப்பதும் கெடுதல். உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். வில்லை தேய்ந்து அடியில் உள்ள செம்பு தெரிந்தாலோ, உருகி ஒட்டியிருந்தாலோ மாற்ற வேண்டும்.

கைப்பிடி வகைப் பழைய ஸ்டார்ட்டர்களில் காண்டாக்டுகள் வெறும் செம்பாக இருக்கும். செம்பின் மேல் படியும் கறுப்பு மின்சாரத்தைத் தடுக்கும், சூடு ஏறும். இவற்றை மெல்லிய அரத்தால் லேசாகத் தேய்த்து, முகம் முழுவதும் ஒன்றோடொன்று படியும்படி செய்யலாம். எமரி தாள் கூடாது. அதன் துகள்கள் செம்பில் பதிந்து கொள்ளும்.

மாற்றும் போது மூன்று முனைக் காண்டாக்டுகளையும், அவற்றின் ஸ்பிரிங்குகளையும் சேர்த்து ஒரே தடவையில் மாற்ற வேண்டும். ஒன்று புதிது, இரண்டு பழையது என்றால் மூன்றும் ஒரே நேரத்தில் மூடாது. பேனா ஸ்பிரிங், சைக்கிள் ஸ்பிரிங் போன்றவற்றை வெட்டி வைக்கக் கூடாது. ஸ்பிரிங் மெலிந்தால் காண்டாக்ட் சூடேறி ஒட்டும். ஸ்பிரிங் விறைத்தால் காயில் இழுக்க முடியாமல் கருகும்.

காண்டாக்டுகளை மூடியிருக்கும் தீப்பொறித் தடுப்புப் பாகத்தை வேலை முடிந்ததும் மறக்காமல் திரும்பப் பொருத்த வேண்டும். பழைய ஆலைச் சாமான்களில் இந்தப் பாகம் சாம்பல் நிறக் கல்நாரால் செய்யப்பட்டிருக்கலாம். கல்நார்த் தூள் நுரையீரலுக்குக் கேடு. அதைத் தேய்க்கவோ, அறுக்கவோ, ஊதித் துடைக்கவோ கூடாது.

காயிலும் காந்த இரும்பும்

ஸ்டார்ட்டர் 'கிர்' என்று இரைந்தால் காயில் போய் விட்டது என்று எண்ணி மாற்றுகிறார்கள். பல நேரங்களில் காரணம் வேறு. இரும்பு முகங்களில் தூசியோ துருவோ படிந்தால் இரண்டும் ஒட்டிப் படியாமல் இரையும். உலர்ந்த துணியால் துடைத்தால் நின்று விடும். இரும்பு முகத்தில் சிறு செம்பு வளையம் ஒன்று பதித்திருக்கும். அது உடைந்தாலும் அதிர்ந்து கொண்டே இருக்கும். வளையத்தை வீட்டில் பற்ற வைக்க முயலாமல் இரும்பையே மாற்ற வேண்டும்.

இரும்பு முகத்தில் கிரீஸோ எண்ணெயோ தடவக் கூடாது. பிசுக்கில் தூசி சேர்ந்து இரும்பு ஒட்டிக் கொள்ளும். அப்போது சிவப்புப் பொத்தானை அழுத்தினாலும் மோட்டார் நிற்காது. அரத்தால் ராவவும் கூடாது. முகங்களுக்கு இடையில் விட்டிருக்கும் மெல்லிய இடைவெளி கெட்டு, அதே கோளாறு வரும்.

புதுக் காயில் வாங்கும் போது பழையதைக் கையோடு கொண்டு போய், அதில் எழுதியுள்ள வோல்ட் அளவைப் பார்த்து வாங்க வேண்டும். இரண்டு முனைகளுக்கு இடையில் இணைக்க வேண்டிய இடத்தில் 240 வோல்ட் காயிலைப் போட்டால் விரைவில் கருகி விடும். சாதாரணக் காயில், குறித்த வோல்ட்டில் 85 சதவீதத்துக்குக் கீழே போனால் உறுதியாக இழுக்கும் என்று சொல்ல முடியாது. வோல்ட்டேஜ் குறைவான ஊர்களில், பம்பு செட்டுகளுக்கென்றே குறைந்த வோல்ட்டிலும் இழுக்கும்படி செய்த காயிலைக் கேட்டு வாங்கலாம்.

ரிலேயில் கை வைக்கலாகாது

ரிலேக்குள் சூட்டில் வளையும் உலோகத் தகடுகள் உள்ளன. அவற்றை நிமிர்த்துவதோ வளைப்பதோ கூடாது. பழுதானால் முழு ரிலேயையும் மாற்ற வேண்டும். வீட்டில் செய்யக் கூடியது, அதன் முள் சரியான அளவில் இருக்கிறதா என்று பார்ப்பதுதான். நேரடி ஸ்டார்ட்டரில், மோட்டாரின் பெயர்ப் பலகையில் உள்ள ஆம்பியர் அளவுக்கே முள் இருக்க வேண்டும். ஸ்டார்-டெல்டாவில் பெரும்பாலும் ரிலே மோட்டார் காயிலோடு நேராகச் சேர்ந்திருக்கும். அங்கே பெயர்ப் பலகை அளவை 0.58 ஆல் பெருக்க வேண்டும். 11 ஆம்பியர் மோட்டாருக்கு 6.4 ஆம்பியர் வரும். இங்கே 11-ல் வைத்து விட்டால் ரிலே இருந்தும் இல்லாதது போலத்தான்.

ரிலே விழுந்தால் சில நிமிடம் ஆற விட்டு மறுபடி போடலாம். இரண்டாம் முறையும் விழுந்தால் முள்ளை உயர்த்தக் கூடாது. முனை போயிருக்கிறதா, வோல்ட்டேஜ் குறைவா, பம்பு இறுகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

எண்ணெய் ஸ்டார்ட்டர்கள்

கைப்பிடி போட்ட பழைய ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர்கள் சிலவற்றில் காண்டாக்டுகள் எண்ணெய்த் தொட்டியில் மூழ்கியிருக்கும். டிரான்ஸ்பார்மர் எண்ணெய் தவிர வேறு எதையும் அதில் ஊற்றக் கூடாது. டீசல் என்ஜினில் வடித்த கழிவு எண்ணெயில் கரியும் உலோகத் தூளும் உள்ளன. கடலை எண்ணெய் நாளாவட்டத்தில் பிசினாகும். எண்ணெய் தொட்டியில் குறித்த கோட்டு அளவுக்கு இருக்க வேண்டும். குறைந்தால் காண்டாக்டுகள் வெளியே தெரிந்து தீப்பற்ற வாய்ப்பு உண்டு. கறுத்தாலோ, அடியில் தண்ணீர் தேங்கினாலோ முழுவதும் வடித்து, தொட்டியைத் துடைத்துப் புது எண்ணெய் ஊற்ற வேண்டும்.

கூடவே கூடாத நான்கு காரியங்கள்

ஒன்று, மின்சாரம் வரும் நேரத்தில் மோட்டார் தானாக ஓடட்டும் என்று பொத்தானுக்கு முட்டுக் கொடுப்பதும், கைப்பிடியைக் கயிற்றால் கட்டுவதும். மும்முனை மின்சாரம் குறிப்பிட்ட நேரத்தில்தான் வருகிறது, நடுச்சாமத்தில் எழுந்து போக முடியவில்லை என்ற விவசாயிகளின் கஷ்டம் உண்மையானதுதான். ஆனால் மின்சாரம் இல்லை என்று நம்பி, கிணற்றுக்குள் இறங்கிப் புட்வால்வில் கை வைத்திருப்பவரோ, பெல்ட்டை மாட்டிக் கொண்டிருப்பவரோ அந்த நேரத்தில் என்ன ஆவார்? கட்டி வைத்த ஸ்டார்-டெல்டாவில் மோட்டார் டெல்டாவிலேயே கிளம்பி 6 மடங்கு கரண்ட் இழுக்கும் கேடும் உண்டு. தானியங்கிக் கருவி பொருத்தியவர்களும் மோட்டார் பக்கம் வேலை செய்யும் முன் பியூஸ் கட்டையை உருவி வைத்துக் கொள்ள வேண்டும்.

இரண்டு, ரிலே அடிக்கடி விழுகிறது என்று அதைத் தாண்டி நேராக வயர் கொடுப்பது.

மூன்று, பியூஸில் கையில் கிடைத்த கம்பியைப் போடுவது. வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பியில் 15 ஆம்பியருக்கு 0.5 மில்லிமீட்டர், 20 ஆம்பியருக்கு 0.6 மில்லிமீட்டர் கனம். வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாத அளவுதான். எனவே அளவு சொல்லிக் கடையில் வாங்கி, கொட்டகையில் இல்லாமல் வீட்டில் வைத்துக் கொள்ள வேண்டும்.

நான்கு, ஸ்டார்ட்டரைக் கழற்றிய இடத்தில், வேலை முடியும் வரை மோட்டார் ஓடட்டும் என்று வயர்களை முறுக்கி நேராக இணைப்பது. பயிர் வாடினாலும் இதைச் செய்யக் கூடாது. இரண்டு நாளுக்குப் பக்கத்துத் தோட்டத்தில் ஸ்டார்ட்டர் இரவல் கேட்பதோ, தண்ணீர் கேட்பதோ மேல்.

திரும்பப் பொருத்தும் போது

வீட்டில் வேலை முடிந்ததும் இரும்பைக் கையால் அழுத்திப் பார்க்க வேண்டும். மூன்று காண்டாக்டுகளும் ஒரே நேரத்தில் மூட வேண்டும்; விட்டதும் தடையில்லாமல் துள்ளிப் பிரிய வேண்டும். இதில் தயக்கம் இருந்தால் பொருத்தக் கூடாது.

பொருத்தும் முன் வயர்மேனிடம் 500 வோல்ட் மெக்கர் கொண்டு சோதிக்கச் சொல்ல வேண்டும். முனைக்கு முனையும், முனைக்கும் பெட்டிக்கும் இடையிலும் குறைந்தது 1 மெகோம் இருக்க வேண்டும். வயர் நுனிகளில் லக் வைத்து, நட்டுகளை இறுக்க வேண்டும். தளர்ந்த இணைப்புச் சூடேறி அருகில் உள்ள பேக்லைட்டைக் கருக்கும். பேக்லைட் உறுப்புகள் பல உடைவதற்கு முதல் காரணமே இதுதான்.

மும்முனை மோட்டாருக்கு இரண்டு தனித்தனி எர்த் இணைப்புகள் இருக்க வேண்டும். ஸ்டார்ட்டர் பெட்டிக்கும் எர்த் வேண்டும். கோடையில் எர்த் குழி காய்ந்து விடும். அவ்வப்போது தண்ணீர் ஊற்ற வேண்டும். எர்த் கம்பி அறுந்திருக்கிறதா என்று மாதம் ஒரு முறையாவது பார்ப்பது நல்லது.

யாருக்காவது மின்சாரம் தாக்கினால் முதலில் மெயினை நிறுத்த வேண்டும். முடியாவிட்டால் காய்ந்த மரக்கட்டையால் அவரை விலக்க வேண்டும். வெறுங்கையால் தொடக் கூடாது. மூச்சு இல்லை என்றால் மார்பின் நடுவில் அழுத்திக் கொண்டே, மற்றவரை 108-க்குப் போன் செய்யச் சொல்ல வேண்டும்.

பழைய ஸ்டார்ட்டர் வாங்குவோர் கவனிக்க

பழைய சாமான் கடையில் வாங்கும் போது மேல் பெயிண்டைப் பார்க்கக் கூடாது. மூடியைத் திறந்து, கரித்தடம் உண்டா, பேக்லைட்டில் ஒட்டு உண்டா, காயில் வோல்ட் என்ன, ரிலேயின் ஆம்பியர் எல்லைக்குள் தம் மோட்டாரின் அளவு அடங்குகிறதா என்று பார்க்க வேண்டும். காயிலும் காண்டாக்டும் இன்னும் கடையில் கிடைக்கிற வகையா என்று விசாரித்து வாங்க வேண்டும். உதிரி கிடைக்காத ஸ்டார்ட்டர் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் நஷ்டமே. பேக்லைட் உடைந்து, மாற்றுப் பாகமும் கிடைக்கவில்லை என்றால் அந்த ஸ்டார்ட்டரின் ஆயுள் முடிந்தது என்று ஏற்றுக் கொள்ள வேண்டும். புதிய பம்பு செட் வாங்க மானியம் ஏதேனும் உள்ளதா என்பதை அருகில் உள்ள வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் கேட்டறியலாம்.

ஆண்டுக்கு இரண்டு தடவை, தை பிறந்ததும் ஒன்று, ஆடிப் பட்டத்துக்கு முன் ஒன்று, ஸ்டார்ட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து பார்க்கும் பழக்கம் நல்லது. அரை நாள் வேலைதான். பயிர் தண்ணீருக்கு ஏங்கும் நாளில் மோட்டார் பட்டறையில் காத்துக் கிடப்பதைத் தவிர்க்க அந்த அரை நாள் உதவும். பெட்டியைத் தொடும் வீட்டுப் பிள்ளைகளுக்கும் அதுவே காவல்.